கணிப்பொறிக் கணக்கும் நம் மக்களும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சிறுசேரியில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு கல்விக் கழகம் கால் நூற்றாண்டு நிலைத்து நிற்பது எளிய செயல் அன்று. மாலை வகுப்பு நடத்துதல், நோட்டுப் புத்தகம் வழங்குதல், தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத மாணவனுக்குக் கட்டித் தருதல், கல்லூரி விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தருதல் ஆகிய சிறு சிறு பணிகளை ஆண்டுதோறும் தவறாது செய்ததன் பயனே இவ்விழா. இப்பணிகளைச் செய்த பெருமக்களை முதற்கண் வாழ்த்துகிறேன்.

இத்தகைய விழாக்களில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. ஆனால் கழகத்தார், "இளைஞர்கள் இதுவரை கேளாத பொருள் ஒன்றைப் பற்றிக் கூறுங்கள்" என்று பணித்தனர். ஆகவே, மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதைக் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறையையும், அக்கணக்கு எந்த எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று சோதிக்கும் முறையையும் பற்றிப் பேச விழைகிறேன். பின்னதற்கு உணர்திறன் ஆய்வு என்று பெயர். நான் இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவன். கணிப்பொறி வல்லுநன் அல்லன். ஆயினும், எட்டாம் வகுப்பின் விழுக்காட்டுக் கணக்கு அறிந்த எவரும் இதன் உட்பொருளை அறிந்துகொள்ளலாம். அதிலும் நம் மக்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

மாதிரி என்பது யாது?

மாதவரத்திலிருந்து மயிலாப்பூர், அடையாறு, தரமணி, சோழிங்கநல்லூர் வழியாக நம் சிறுசேரி சிப்காட் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்திற்கு மெட்ரோ ரயில் பாதை திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டு வருகிறது. இதனையும் சேர்த்து மூன்று வழித்தடங்கள் கொண்ட இரண்டாம் கட்டத் திட்டத்திற்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நடுவண் அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பெரும் பணத்தைச் செலவிடுமுன், "இதில் யார் ஏறுவர்? எத்தனை பேர் ஏறுவர்?" என்று எந்த அரசும் கேட்டே ஆகவேண்டும். பாதையைக் கட்டிவிட்டு, ஆள் வரவில்லை என்று இடித்துவிட முடியாது. ஆகவே, ஊரைக் கணிப்பொறிக்குள் ஒரு பொம்மை ஊராக அமைத்துக்கொள்கின்றனர். அதுவே மாதிரி.

அமெரிக்காவில் சிகாகோ முதலிய நகரங்களில் 1950-களில் உருப்பெற்ற முறை ஒன்று உண்டு. அது நான்கு வினாக்களைக் கேட்கும். எத்தனை பேர் புறப்படுவர்? எங்குச் செல்வர்? பேருந்து, ரயில், இருசக்கர வாகனம் இவற்றுள் எதில் செல்வர்? எந்த வழியாகச் செல்வர்? இவற்றுக்கு விடை காணப் பல எண்கள் தேவை. ஒருவர் நிலையத்திற்கு எவ்வளவு தூரம் நடப்பார்? கட்டணம் 5 ரூபாய் உயர்ந்தால் எத்தனை பேர் விலகுவர்? ஒரு மணி நேரம் மிச்சமாவதற்கு ஒருவர் எவ்வளவு ரூபாய் தருவார்? இவ்வெண்களுட் சில, நேரிற்சென்று கேட்டறிந்தவை. சில, வேறு ஊரிலிருந்து கடன் வாங்கியவை. சில, வல்லுநர் தம் அனுபவத்தால் இட்டவை. ஆனால் கணிப்பொறி எல்லா எண்ணையும் ஒன்றுபோலவே ஏற்கும். தெரிந்த எண் இது, ஊகித்த எண் இது என்று அதற்குத் தெரியாது. நாம்தான் அதைச் சோதித்து அறிய வேண்டும்.

ஓர் எளிய கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். வேலைக்குச் செல்வோர் 1,000 பேர். அவர்களுள் 300 பேர் நிலையத்தை ஒட்டிய பெரிய தெருக்களில் வாழ்கின்றனர். 700 பேர் தொலைவில், காலனியிலும் குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். அருகில் வாழ்வோரில் பாதிப்பேர் ரயிலில் ஏறுவர் என்று கொண்டால் 150 பேர். தொலைவில் வாழ்வோரில் பத்தில் ஒருவர் ஏறுவர் என்று கொண்டால் 70 பேர். ஆகமொத்தம் 220.

இனிச் சோதிப்போம். முதல் விகிதத்தை மட்டும் 10 விழுக்காடு உயர்த்தினால் 150 என்பது 165 ஆகும், மொத்தம் 235. இரண்டாம் விகிதத்தை மட்டும் 10 விழுக்காடு உயர்த்தினால் 70 என்பது 77 ஆகும், மொத்தம் 227. ஆகவே, விடையை மிகுதியாக அசைப்பது அருகில் வாழ்வோர் பற்றிய எண்ணே என்று தோன்றும். பலர் இவ்விடத்திலேயே சோதனையை முடித்து, "எங்கள் விடை உறுதியானது" என்று எழுதிவிடுவர்.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். எல்லா எண்ணையும் 10 விழுக்காடே அசைக்க வேண்டும் என்று யார் விதித்தது? அருகில் வாழ்வோரை வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்கள். அவ்வெண் 45-க்கும் 55-க்கும் இடையில் இருக்கும் என்பது உறுதி. எனவே அதனால் மொத்தம் 205 முதல் 235 வரை மாறும், இடைவெளி 30. தொலைவில் வாழ்வோரை எவரும் சென்று கேட்கவில்லை. அவர்களுள் 5 விழுக்காட்டினரும் ஏறலாம், இணைப்புப் பேருந்து விட்டால் 30 விழுக்காட்டினரும் ஏறலாம். அதனால் மொத்தம் 185 முதல் 360 வரை மாறும், இடைவெளி 175! முன்பு சிறியதாகத் தோன்றிய எண், இப்போது விடை முழுவதையும் ஆட்டிவைக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் விதி யாது? ஓர் எண்ணை எவ்வளவு அறியோமோ, அவ்வளவு தூரம் அதை அசைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால், பெரும்பாலும் விடையைத் தீர்மானிப்பது நாம் மிகக் குறைவாக அறிந்த எண்ணாகவே இருக்கும். நம் நாட்டில் மிகக் குறைவாக அறியப்பட்டவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேர்த்து அசைத்தல்

ஒவ்வோர் எண்ணாகத் தனித்தனியே அசைப்பதில் மற்றொரு குறையும் உண்டு. கட்டணத்தை மட்டும் குறைத்தால் தொலைவில் வாழ்பவர் வரமாட்டார். நிலையத்திற்கு வந்துசேர வழியில்லை. இணைப்புப் பேருந்தை மட்டும் விட்டாலும் வரமாட்டார். கட்டணம் கைக்கு எட்டாது. இரண்டையும் ஒருசேரச் செய்தால் கூட்டம் கூட்டமாக வருவார். தனித்தனியே அசைத்த ஆய்வாளர், "கட்டணமும் பயனில்லை, பேருந்தும் பயனில்லை" என்று முடிவு கட்டியிருப்பார்.

இக்குறையின் அளவைக் கணித வழியிலும் காட்டலாம். ஒரு சதுரத்திற்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம் அச்சதுரத்தில் ஏறத்தாழ 78 விழுக்காட்டை நிரப்பும். ஒரு கனசதுரப் பெட்டிக்குள் அடங்கும் பந்து பெட்டியில் ஏறத்தாழ 52 விழுக்காட்டையே நிரப்பும். இதையே பத்து எண்கள் கொண்ட கணக்கிற்கு விரித்தால், நிரம்புவது ஏறத்தாழ கால் விழுக்காடு மட்டுமே. தனித்தனியே அசைப்பவர் பந்தின் எல்லையைத் தாண்டுவதில்லை. மூலைகள் எல்லாம் பார்க்கப்படாமலே கிடக்கும். இத்தாலிய அறிஞர் ஆண்ட்ரியா சால்டெல்லியும் அவர்தம் துணைவரும் 2010-இல் இதனை எடுத்துக்காட்டி, மேலோட்டமான சோதனைகளைக் கண்டித்தனர்.

இதற்கு மாற்று முறைகளும் உள்ளன. 1991-இல் மாக்ஸ் மாரிஸ் என்னும் புள்ளியியலார் வகுத்த முறை, பல வேறு இடங்களிலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணையும் அசைத்து, பயனற்ற எண்களைக் குறைந்த செலவில் ஒதுக்கிவிடும். உருசிய நாட்டுக் கணித அறிஞர் இல்யா சோபோல் வகுத்த முறை, எல்லா எண்களையும் ஒருசேர அசைத்து, விடையின் ஏற்ற இறக்கத்தை நூறு பங்காகக் கொண்டால் ஒவ்வோர் எண்ணும் தனித்து எத்தனை பங்கிற்குப் பொறுப்பு, பிறவற்றோடு கூடி எத்தனை பங்கிற்குப் பொறுப்பு என்று பிரித்துக் காட்டும். பெயர்கள் நினைவில் நில்லாவிட்டாலும் குற்றமில்லை. பொருள் நினைவில் நின்றால் போதும்.

உலகம் கண்ட பாடங்கள்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1972-இல் பார்ட் என்னும் விரைவு ரயில் தொடங்கப்பட்டது. வேலைக்குச் செல்வோரில் 15 விழுக்காட்டினர் அதில் ஏறுவர் என்பது அதிகாரிகளின் கணிப்பு. டேனியல் மெக்பேடன் என்னும் பொருளியல் அறிஞர், தனி மனிதர் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஆராய்ந்து 6.3 விழுக்காடு என்றார். நடைமுறையில் கண்டது 6.2. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2000-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அவ்வெற்றியில் ஒரு பகுதி, பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் விளைந்தது. நிலையத்திற்கு நடந்து வருவோரின் தொகையை அவர் கணக்கு மிகைப்படுத்தியிருந்தது. வேறொரு பிழை அதனைச் சரிசெய்துவிட்டது. விடை சரியாக இருப்பதால் மட்டும் வழி சரியாகிவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அண்மைக் காலத்துப் பெருந்தொற்றையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த ரணஜாய் அதிகாரியும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஜேஷ் சிங்கும் அந்நாட்களிலேயே ஒரு மாதிரியை வெளியிட்டு, 21 நாள் போதாது என்று கூறினர். வீட்டில், வேலையிடத்தில், பள்ளியில் எந்த வயதினர் எந்த வயதினரை எத்தனை முறை சந்திக்கின்றனர் என்னும் அட்டவணையே அதன் அடித்தளம். நம் நாட்டிற்கான அவ்வட்டவணை இங்கு நேரிற்கேட்டுத் தொகுத்தது அன்று. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் எடுத்த கணக்கெடுப்பை நம் நாட்டுக் குடும்ப அமைப்புக்கு ஏற்ப மாற்றிக் கணித்தது. அவசரக் காலத்தில் கையிலிருந்ததைக் கொண்டு அவர்கள் செய்த பணி போற்றத்தக்கது. ஆயினும் நம் மக்களின் வாழ்க்கை பற்றிய அடிப்படை எண்ணே கடன் வாங்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.

இங்கிலாந்து அரசு நாடிய இம்பீரியல் கல்லூரியின் மாதிரியில் 900-க்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. அதனை விரிவாகச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வு, அவற்றுள் ஒரு சிலவே விடையின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கை உண்டாக்கின என்று கண்டது. இடைவெளி விதிக்கப்பட்டால் மக்கள் தம் தொடர்புகளை எவ்வளவு குறைத்துக்கொள்வர் என்பது அவற்றுள் ஒன்று. அதாவது, நோயின் இயல்பு மட்டுமன்றி மனிதனின் நடத்தையும் விடையைத் தீர்மானித்தது.

அந்நடத்தை எல்லோருக்கும் ஒன்றா? 2020 ஜூலையில் மும்பையில் மூன்று வட்டங்களில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினருக்கும், பிற பகுதிகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கும் நோய் வந்துபோன அடையாளம் காணப்பட்டது. ஒரே நகரம், ஒரே சட்டம், ஒரே ஊரடங்கு. ஆனால் ஓர் அறையில் ஆறு பேர் உறங்கிப் பொதுக் கழிப்பிடத்திற்கு வரிசையில் நிற்பவர், விலகி நிற்க விரும்பினாலும் இயலாது. நகர் முழுமைக்கும் ஒரே எண்ணை இடும் மாதிரி இவ்வேறுபாட்டைக் காணாது.

நம் சாலையில் நாம் கண்டவை

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், நகரின் நடுவே வாழ்ந்த குடிசைவாழ் மக்கள் பல்லாயிரம் குடும்பங்களாகக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் நம் மக்கள் மிகுதி. "வீடு தந்துவிட்டால், பழைய வேலைக்கு இங்கிருந்தே சென்று வருவர்" என்பது அத்தகைய திட்டங்களுக்குள் ஒளிந்திருந்த ஓர் ஊகம். நடந்தது என்ன? நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிய தாய், பேருந்திலேயே நாளில் மூன்று நான்கு மணி நேரம் கழிக்க நேர்ந்தது. பலர் அவ்வேலையையே இழந்தனர். ஆணின் பயணத்தையும் பெண்ணின் பயணத்தையும் ஒரே எண்ணால் குறித்ததன் விளைவு இது.

மற்றொன்று. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. கட்டணம் என்னும் எண்ணைச் சுழியமாக்கினால் என்ன நேரும் என்னும் சோதனை, கணிப்பொறியில் அன்றிச் சாலையிலேயே நடந்தது. பயணியருள் மகளிரின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 60-க்கு மேல் உயர்ந்ததாக அரசு தெரிவித்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்மணி மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிப்பதாகக் கண்டது. அலுவலகத்தில் அமர்ந்து பார்ப்பவருக்குப் பத்து ரூபாய்க் கட்டணம் பொருட்டாகத் தோன்றாது. நாள்தோறும் இருமுறை அதனைக் கொடுப்பவளுக்கு, வெளியே செல்வதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

"நேரத்தின் மதிப்பு" என்றும் ஓர் எண் உண்டு. ஒருவர் ஈட்டும் ஊதியத்தைக் கொண்டு அவரது ஒரு மணி நேரத்திற்கு விலை வைப்பர். அவ்வாறாயின், காரில் செல்லும் பொறியாளரின் ஒரு மணி நேரம், அவர் வளாகத்தைப் பெருக்கும் பெண்ணின் ஒரு மணி நேரத்தைப் போல் பலமடங்கு மதிப்புடையதாகிவிடும். அக்கணக்கில் மேம்பாலம் வெல்லும், பேருந்து தோற்கும். இருவர்க்கும் ஒரே மதிப்பை இட்டுக் கணக்கை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறுகிறது என்றால், அம்முடிவு பொறியியலால் வந்தது அன்று. அந்த ஓர் எண்ணால் வந்தது. அதனை வெளிப்படுத்துவதே உணர்திறன் ஆய்வின் பயன்.

அண்ணல் காட்டிய வழி

இவ்வாறு கேட்பது நமக்குப் புதிதன்று. 1918-இல் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். "நிலம் துண்டு துண்டாக இருப்பதே உழவின் நோய்; துண்டுகளை ஒன்றுசேர்த்தால் நோய் தீரும்" என்று அந்நாளில் பலர் கருதினர். அண்ணல் அதனை ஏற்கவில்லை. நிலத்தின் அளவு மட்டும் விளைவைத் தீர்மானிப்பதில்லை. அதன்மேல் இடும் முதலும் கருவியும் உழைப்பும் எவ்விகிதத்தில் அமைகின்றன என்பதே தீர்மானிக்கிறது என்றார். அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தையே நம்பியிருப்பதுதான் நோய். தொழில் வளர்ச்சியே மருந்து என்றார். எந்த எண்ணை அசைத்தால் விடை அசையும் என்று கணிப்பொறி இல்லாத காலத்தில் கேட்ட அறிவு அது.

நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1891-இல் மாவட்டக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், இம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலைமையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892-இல் பிறந்த அரசாணையும், பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசும் ஒதுக்கீடும் அதன் தொடர்ச்சி. அந்நிலங்கள் பின்னர்க் கைமாறிப் போன கதை வேறு. ஆயினும் சேரியின் நிலைமை தாளில் ஏறிய பின்னரே ஆணை பிறந்தது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இளைஞர்களே! கணிப்பொறி கூறிவிட்டது என்று எவரேனும் ஒரு திட்டத்தை முன்வைத்தால், அஞ்சாமல் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். முதலாவது: இதில் உள்ள எண்களுள் எவை நேரிற்கண்டவை, எவை ஊகித்தவை? இரண்டாவது: ஊகித்தவற்றை எவ்வளவு தூரம் அசைத்துப் பார்த்தீர்கள்? மூன்றாவது: ஒவ்வொன்றாக அசைத்தீர்களா, சேர்த்து அசைத்தீர்களா? நான்காவது: சராசரி மனிதனுக்கு இட்ட எண்ணை, காலனியில் வாழும் பெண்ணுக்கு ஏற்ப மாற்றினால் முடிவு நிற்கிறதா? ஐந்தாவது: விடையை மிகுதியாக அசைக்கும் எண்ணைச் சரியாக அறிய யார், எப்போது கணக்கெடுக்கப் போகிறீர்கள்?

மாதிரிகள் வேண்டா என்று நான் கூறவில்லை. அவை இல்லாவிடில் செல்வாக்குடையவரின் விருப்பமே திட்டமாகிவிடும். நன்கு சோதிக்கப்பட்ட மாதிரி ஏழைக்குத் துணை. எண்ணை மறைக்க முடியாது. கேட்டால் காட்டியாக வேண்டும்.

ஆனால் கேட்பதற்குக் கல்வி வேண்டும். நம் சிறுசேரி சிப்காட் பூங்காவிலேயே சென்னைக் கணிதவியல் கழகம் 2005 முதல் இயங்கி வருகிறது. உலகெங்கும் மதிக்கப்படும் கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி நிறுவியது. அதன் மதிற்சுவரைக் கடந்து நாள்தோறும் நடந்து செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதன் நுழைவுத் தேர்வைப் பற்றி அறிவர்? பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறு வாங்கிய பிள்ளையை, "உடனே வேலை கிடைக்கும் படிப்பைப் படி" என்று திருப்பிவிடும் பெற்றோர்க்கும் இதைச் சொல்கிறேன். புள்ளியியல், கணிதம், பொருளியல் ஆகியவற்றைப் படித்த நம் பிள்ளைகள் சிலரேனும், எண் இடும் மேசையின் அருகே அமர வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இக்கழகத்தின் மாணவர்கள் வரும் கோடை விடுமுறையில் நம் குடியிருப்புகளில் வீடு வீடாகச் செல்லலாம். வேலைக்கு எங்குச் செல்கின்றனர், எதில் செல்கின்றனர், எவ்வளவு நேரமாகிறது, எவ்வளவு செலவாகிறது, இரவு எட்டு மணிக்குமேல் பேருந்து உண்டா, எவ்வளவு தூரம் நடக்கின்றனர் என்று கேட்டு எழுதலாம். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே கேளுங்கள். பெயர் வேண்டியதில்லை, எண் போதும். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தால் இது நிறைவேறும். நாளை ரயில் நிலையத்திற்கு இணைப்புப் பேருந்து கேட்டு மனு எழுதும்போது, கோரிக்கையோடு அந்நோட்டையும் இணைத்துக் கொடுங்கள். நம்மைப் பற்றிய எண்ணை வேற்றூரிலிருந்து கடன் வாங்க வேண்டிய தேவை அப்போது எவர்க்கும் இராது.

வெள்ளி விழாக் காணும் இக்கழகம் பொன் விழாவும் காண வேண்டும். அவ்விழாவிற்குள் இந்நோட்டுப் பணி நிறைவேறி, நம் பிள்ளை ஒருவர் இதே மேடையில் நின்று, தாம் அமைத்த மாதிரியைப் பற்றி உரையாற்ற வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.

வாழ்க கல்விக் கழகம்! வளர்க அதன் நற்பணி!